வெள்ளை ஊசி எந்தப் பக்கம்

என் நாட்குறிப்பில் ஒரு வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் நான்கு வரிகள் காலியாக இருக்கின்றன. காலை 10.20க்கு எங்கள் ஊர் குருணிலிருந்து கிளம்பியது, வழியில் காடிக்குப் பெட்ரோல் ஊற்றியது, 11.05க்கு மெர்போக்கில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தியது, எல்லாம் இருக்கிறது. பிறகு வெற்றிடம். அதற்குக் கீழே: "12.40. திரும்பினோம். மழை."

கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரப் பதிவேடு எழுதுகிறேன். லேபிள் இல்லாத ரசாயன டிரம் எதையும் இதுவரை நான் உள்ளே விட்டதில்லை. வீட்டிலும் அதே பழக்கம். தண்ணீர்த் தொட்டி எப்போது மாற்றினோம், யார் வீட்டு விசேஷத்துக்கு யார் வரவில்லை என்று எந்தச் சண்டை வந்தாலும் தங்கையின் கணவர் நேராக என் மேசைக்கு வந்து நாட்குறிப்பைப் புரட்டுவார். "அக்கா புக்குல என்ன இருக்கோ அதான்" என்பது குடும்பத்தின் தீர்ப்பு. அந்த நான்கு வரிகள் காலியாகப் போனதும் இதனால்தான்.

தங்கை மகளின் கல்யாணத்துக்கு அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது. நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி என் தங்கையைப் பார்த்து, "நீங்க பொண்ணோட பெரியம்மாவா? அம்மா உள்ள இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டாள். அசல் பெரியம்மா நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். சிரித்தும்விட்டேன். தங்கை சிரிக்கவில்லை. அந்த வாரமே, சுருக்கம் மறைய முகத்தில் ஃபில்லர் ஊசி போடுகிற ஒரு பெண்ணின் நம்பரை யாரிடமோ வாங்கிவிட்டாள்.

மெர்போக் வீட்டின் முன் அறையில் ஒரு கட்டில், ஒரு ஏர்கான், வட்ட விளக்கு மாட்டிய ஒரு கைப்பேசி. ஊசி போடுகிறவள் டாக்டர் இல்லை. இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தட்டில் இரண்டு ஊசிகள் இருந்தன. ஒன்றில் கண்ணாடி போலத் தெளிந்த ஜெல். மற்றதில் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு போல வெள்ளையாக ஏதோ.

"ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஃபில்லர்தான் லா அக்கா. ஒண்ணு உடனே தெரியும், ஒண்ணு ரொம்ப நாள் நிக்கும். சேத்துப் போட்டா கல்யாணத்துக்கும் ஆச்சு, பேரப்பிள்ளைக்கும் ஆச்சு."

தங்கை சிரித்தாள். நான் கைப்பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தேன். எந்த ஊசி எங்கே என்று குறித்துக்கொள்ளத்தான். தங்கை கட்டிலிலிருந்தே கையை நீட்டி அதை மூடினாள்.

"இத மட்டும் எழுதாதக்கா. அவரு படிப்பாரு."

மூடிவிட்டேன். மூடியதும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையில் விரித்திருந்த பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதப் போவதில்லை என்றால் நான் பார்ப்பதும் இல்லை என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

சாயங்காலம் இடது பக்கம் மூக்கோரத்தில் தோல் வெளுத்தது. வலிக்கிறது என்றாள். அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தோம். "முதல் நாள் அப்படித்தான் லா. ஐஸ் வைங்க" என்றாள். வைத்தோம். சனிக்கிழமை காலை ஏழரைக்குத் தங்கை என் வாசலில் நின்றாள். துப்பட்டாவை விலக்கினாள். மூக்கிலிருந்து கன்னம் வரை ஊதா நிறத்தில் வலை பின்னியது போலிருந்தது. நான் காடிச் சாவியை எடுத்தேன். அவள் கணவரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

சுங்கை பட்டாணியில் ஒரு தோல் மருத்துவரின் கிளினிக்குக்கு ஓட்டினேன். எங்களைவிட வயதில் சிறிய பெண். தமிழில் பேசினார். முகத்தைப் பார்த்ததும் உட்காரக்கூட இல்லை. தங்கையின் வலது கண்ணைக் கையால் மூடி, "சுவத்துல காலண்டர் தெரியுதா? என்ன மாசம்? படிங்க" என்றார்.

தங்கை படித்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"கண்ணு இப்போதைக்கு சரி. ஆனா ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. தோல் செத்துட்டு வருது. கண்ணுக்குப் போற குழாயும் இது பக்கத்துலதான் இருக்கு. மூக்கோரம் என்ன போட்டாங்க?"

"ஜெல்லு" என்றாள் தங்கை.

"வெள்ளையும் போட்டாங்க" என்றேன் நான்.

"எது எங்க?"

தங்கை என்னைப் பார்த்தாள். மருத்துவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அதிகம் பயமுறுத்தியது. "ஜெல்லா இருந்தா கரைக்க என்கிட்ட மருந்து இருக்கு. வெள்ளை அந்த மருந்துல கரையாது. எப்படியும் இப்பவே மருந்தைப் போட ஆரம்பிக்கிறேன். ஆனா அடைச்சது எதுன்னு தெரிஞ்சா எவ்வளவு போடறது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதான்னு முடிவெடுக்கலாம்."

"ரெண்டையும் கலந்தது தப்பா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஒரே முகத்துல ரெண்டு வகை நாங்களும் போடுவோம்மா. எது, எந்த இடம், எவ்வளவு ஆழம்னு ஒண்ணு விடாம எழுதி வச்சுட்டுப் போடுவோம். யாராவது எழுதினாங்களா?"

என் கைப்பை மடியில் இருந்தது. அதற்குள் அந்தப் புத்தகம். ஐந்து வருடத்துக்கு முன்னால் என்ன மீன் வாங்கினேன் என்று கேட்டால் சொல்லியிருப்பேன்.

அப்போதுதான் அந்த வட்ட விளக்கு நினைவுக்கு வந்தது. விளம்பரத்துக்கு வீடியோ எடுக்கிறேன், முழு முகம் தெரியாது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். வெளியே வந்து போன் செய்தேன். மூன்றாவது தடவைதான் எடுத்தாள்.

"அக்கா, என் பேர எங்கயும் சொல்லாதீங்க."

"உன் பேரு எனக்குத் தெரியவே தெரியாது. இடது பக்கம் மூக்கோரம் எந்த ஊசி?"

"ஞாபகம் இல்லக்கா..."

"வீடியோவ அனுப்பு. என் தங்கச்சிக்குக் கண்ணு போயிரும் போல இருக்கு. உனக்கும் அக்கா தங்கச்சி இருப்பாங்கல்ல?"

போனை வைத்துவிட்டாள். வாசல் படியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 9.14, 9.15, 9.16. சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் அனுப்பமாட்டாள், தங்கையின் கணவரிடம் நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். 9.19க்கு வீடியோ வந்தது.

மருத்துவர் அதை மூன்று முறை ஓட்டினார். மூக்கோரத்தில் தெளிந்த ஊசி. அதற்கு மேலே, கன்ன எலும்பில், வெள்ளை. "நல்லவேளை" என்று மட்டும் சொன்னார். அன்று மத்தியானம்வரை மணிக்கொரு முறை கரைக்கும் மருந்தை ஏற்றினார். ஒவ்வொரு முறையும் விரலால் தோலை அழுத்தி எடுத்து, நிறம் திரும்பும்வரை என்னை எண்ணச் சொன்னார். இரண்டு எண்ணுவதற்குள் திரும்ப வேண்டும். முதலில் எண்ணியபோது ஏழு வந்தது.

"எழுதட்டுமா?" என்று தங்கையிடம் கேட்டேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். "எழுது. அவரு படிச்சா படிக்கட்டும்."

பத்து மணி, ஏழு. பதினொன்று, ஆறு. பன்னிரண்டு, ஆறு. ஒரு மணி, நான்கு. இரண்டு மணிக்கு மூன்று வந்தபோது மருத்துவர் முதன்முறையாக உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலமே தங்கையின் கணவர் படித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தோம். பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "பல்வலின்னு சொன்னா நான் கிராம்புதானே கொண்டுவர முடியும்?" என்றார். மறுநாள் காலையிலிருந்து, தங்கை எண்ணிப் பார்க்க என்னிடம் வந்தபோதெல்லாம் அவரே போன் செய்தார்: "அக்கா, இன்னிக்கு எத்தனை?"

மூக்கோரம் பிழைத்தது. நாசித் துவாரத்துக்குப் பக்கத்தில் மட்டும் அரிசி அளவு தோல் கருகி உதிர்ந்தது. கல்யாண மேடையில் தங்கை முகத்தின் வலது பக்கத்தையே காட்டி நின்றாள். போட்டோக்காரர் இரண்டு முறை, "அம்மா, நேரா பாருங்க" என்றார். அவள் நேராகப் பார்க்கவில்லை.

கன்ன எலும்பில் வெள்ளை இன்னும் இருக்கிறது. தானாகக் கரைய ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம், கட்டி தட்டினாலோ சிவந்தாலோ உடனே வரவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். விரலுக்கு அது சிறு மணல் மூட்டை போலத் தட்டுப்படுகிறது. எங்கள் பக்கம் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; ஞாயிறு காலை நான் வேலைக்குப் போகும் முன் அவள் வருவாள். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்துவாள். நான் அழுத்தி, எடுத்து, எண்ணுவேன்.

"எத்தனைக்கா?"

முதலில் எழுதிவிட்டுத்தான் சொல்வேன். நேற்று இரண்டு. நேற்றுக்கு மட்டும்தான் அது.