என் லென்ஸுக்கு அவன் வைத்த புள்ளிகள்

அந்தப் புள்ளிகளை வைத்தவன் அவன்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கோபத்தில் வரிசை தப்பிவிடும்.

அவன் என் பள்ளிக்கூட நண்பன். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தான். எங்கள் வீட்டில் அவனுக்கென்று தனித் தட்டே உண்டு. படம் எடுக்கிற பைத்தியம் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் பிடித்தது. ரேஞ்ச்ஃபைண்டர் என்கிற விலை கூடின டிஜிட்டல் கேமராவைத் தனியாக வாங்க இருவருக்கும் வக்கில்லை. யாரோ பயன்படுத்திய ஒன்றைச் சேர்ந்து வாங்கினோம். ஒரு வாரம் அவனிடம் இருக்கும், ஒரு வாரம் என்னிடம். லென்ஸ் மட்டும் அவரவருடையது. அவனுடையது கேமரா கம்பெனியே செய்தது. வெளிநாட்டிலிருந்து அவன் மாமா கொண்டுவந்து கொடுத்தார். என்னுடையது அதே இருபத்தெட்டு மில்லிமீட்டர் அளவுதான், ஆனால் வேறு கம்பெனி.

அங்கேதான் பேஜார். அந்தக் கேமராவுக்குத் தன் வீட்டு லென்ஸைத்தான் அடையாளம் தெரியும். லென்ஸின் பின்வளையத்தில் ஆறு புள்ளிகளுக்கு இடம் இருக்கும். சில கருப்பு, சில வெள்ளை. கேமராவுக்குள் இருக்கும் கண் அதைப் படித்து, இன்ன லென்ஸ் என்று தெரிந்துகொண்டு, படத்தின் ஓரத்தில் ஏறும் சிவப்பைச் சரிசெய்துவிடும். லென்ஸின் பெயரையும் ஃபைலுக்குள் எழுதிவைக்கும். என் லென்ஸில் புள்ளி கிடையாது. அதனால் நான் எடுக்கும் படத்தில் வானத்தின் ஓரம் வெற்றிலை போட்டுத் துப்பிய சுவர்போல் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் இரண்டு லென்ஸையும் கவிழ்த்து வைத்தான். அழியாத மார்க்கர் ஒன்றை எடுத்தான்.

“என் லென்ஸோட புள்ளியையே உன்னுதுலயும் போட்டுடலாம் மச்சான். கேமரா நம்பிடும்.”

தன் லென்ஸைப் பார்த்துப் பார்த்து என் வளையத்தில் கருப்பு வைத்தான். மாட்டி ஒரு படம் எடுத்தோம். சிவப்பு போயே போய்விட்டது! ஆனால் திரையில் என் லென்ஸுக்கு அவன் லென்ஸின் பெயர் வந்தது.

“இனிமே ஃபைலைப் பார்த்தா எது உன்னுது எது என்னுதுன்னே தெரியாதேடா?” என்றேன்.

“நமக்குள்ள இன்னாடா உன்னுது என்னுது?”

எனக்கு அந்தப் பேச்சு இனித்தது. மடையன் நான்.

என் கம்ப்யூட்டர் ஓட்டை. அதனால் இரண்டு பேர் படமும் அவனிடம்தான் சேரும். கேமராவில் தேதியும் சரியிராது. பேட்டரியைக் கழற்றினால் பழைய தேதிக்கு ஓடிவிடும். இதையெல்லாம் அப்போது யார் யோசித்தார்கள்?

போன வருடம் அப்பாவும் நானும் கூடுவாஞ்சேரியில் மனை பார்க்கப் போனோம். மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வண்டலூர் தாண்டியதும் ஒரு விளம்பரப் பலகை. “ஸ்டேஷன்லேர்ந்து அஞ்சே நிமிஷமாம். எதுல, ஹெலிகாப்டர்லயா?” என்று அவரே சொல்லி, அவரே கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என் லென்ஸில் எடுத்துவிட்டேன். அன்று சாயங்காலம் மெமரி கார்டைக் கொடுக்கும்போது அவனிடம் சொன்னேன்: “அப்பா சிரிக்கிற படம் ஒண்ணு கீதுடா. பத்திரம்.”

இரண்டு மாதத்தில் அப்பா போய்விட்டார். மாரடைப்பு. காரியம் முடியும்வரை அவன்தான் கூட நின்றான். அதையும் மறைக்க மாட்டேன்.

அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை ஆறவேயில்லை. “ஊரையெல்லாம் படம் புடிச்சியே, பெத்தவரை ஒண்ணு புடிச்சியா?” எடுத்திருக்கிறேன் அம்மா, காட்டுகிறேன் என்பேன். அவனிடம் கேட்டால், “தேடித் தரேன் மச்சான்” என்பான். நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் அதே பதில்தான்.

நாங்கள் இருவரும் இருந்த புகைப்படக் குழு கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைத்தது. என் படம் இரண்டு இருந்ததால் அம்மாவையும் கூட்டிப் போனேன். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அப்பா. ஜன்னல், கண்ணீர், சிரிப்பு, எல்லாம் அப்படியே. கீழே ஒட்டிய சீட்டில் அவன் பெயர், அவன் லென்ஸின் பெயர். பக்கத்தில் முதல் பரிசு என்று ஒரு ரிப்பன் வேறு.

அவனைத் தூண் பக்கம் இழுத்தேன்.

“இது நான் எடுத்ததுடா.”

“ஃபைல்ல என் லென்ஸ் பேருதான் மச்சான் வந்துச்சு. நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

“அந்தப் புள்ளிய வெச்சதே நீதானேடா, துரோகி! நீ எப்படா எங்கப்பாகூட ரயில்ல போனே?”

அவன் தரையைப் பார்த்தான். “பிரைஸ் குடுத்துட்டாங்கடா. இப்போ மாத்துனா அசிங்கம்.”

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். அழுதிருந்தாள். நேராகப் போய் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா இருப்பே கண்ணு. என் புள்ளைக்குத் தோணல, உனக்குத் தோணிச்சே.”

“அம்மா, அது நான் எடுத்தது. கூடுவாஞ்சேரி போனோமே, அன்னிக்கு,” என்றேன். என் குரல் எனக்கே திருடன் குரலாகக் கேட்டது.

அம்மா சீட்டை ஒருமுறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “வேணாம்டா. இதுலயுமா போட்டி?”

நான் அவனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லுவான் என்றுதான் அந்த நிமிடம்வரை நம்பினேன்.

“விடுங்கம்மா,” என்றான் அவன், என் தோளில் கைபோட்டு. “அவனே எடுத்ததா இருக்கட்டும்.”