பையில் வந்த பத்தொன்பது முடிச்சுகள்

1. வேலைத்தாள்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் நில அளவை கற்பிக்கிறேன். பழங்குடி மக்கள் தாமே முன்னின்று செய்யும் சமூக மாற்றங்கள் பற்றிய பாடமும் என் பொறுப்பில் வந்தது. மூதூருக்குத் தெற்கே, கரையோர வேடர் குடும்பங்கள் வாழும் ஒரு கிராமத்துக்கு எட்டு மாணவர்களைக் கூட்டிப்போனேன். வேலைத்தாளை நானே எழுதினேன்:

அ. தேன் மரங்களை ஜிபிஎஸ்ஸில் பதிதல்.
ஆ. மரங்களுக்கு இலக்கத் தகடு கட்டுதல்.
இ. பதிவுமுறை இல்லாத மக்களுக்கு ஒன்றை அறிமுகப்படுத்தல்.

அங்குள்ள தேன் சங்கத்தின் தலைவி யோகேஸ்வரி, நாற்பது வயதுக்காரர். மரங்களைப் பார்க்க அனுமதி தந்தார். தகடு கட்டுவது பற்றி நான் அவரிடம் கேட்கவேயில்லை.

2. பை

மதியத்துக்கு முன்பே மாணவர்கள் காட்டிலிருந்து திரும்பினார்கள். வேலையில் சுத்தம் என்று நான் அடிக்கடி பாராட்டும் நிரோஜா ஒரு பொலித்தீன் பையை நீட்டினாள். உள்ளே கொடியால் போட்ட முடிச்சுகள். சிலவற்றில் சிவப்புத் துணி.

“மரத்தில கிடந்த பழசெல்லாம் கழட்டியாச்சு மிஸ். இனி எங்கட நம்பர் மட்டும்தான்.”

யோகேஸ்வரி பையை வாங்கி முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பாயில் வைத்தார். பத்தொன்பது. எது எந்த மரத்தில் இருந்தது என்று கேட்டார். நிரோஜா என்னைப் பார்த்தாள். ஜிபிஎஸ் புள்ளிகள் மூன்று மீற்றருக்குள் சரியாக இருந்தன. முடிச்சைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நான் கொடுத்த படிவத்தில் அதற்கு ஒரு நிரல்கூட இல்லை. யோகேஸ்வரி விளக்கினார்.

கொடியில் எத்தனை சுற்று என்பது மரம் எந்த வீட்டுக்கு என்பதைச் சொல்லும். சிவப்புத் துணி கட்டிய மரத்தில் அந்த வருடம் தேன் எடுக்கக்கூடாது, கூடு தேறவேண்டும். முன்பு போட்டிபோட்டுத் தேனெடுத்ததில் கூடுகள் அழிந்து, வீடுகளுக்கிடையே அடிதடியான பிறகு, இந்த ஊர்ப் பெண்களே கூடியிருந்து போட்ட விதி அது. இப்படிப்பட்ட மாற்றத்தைத்தான் நான் பாடமாக எடுக்க வந்திருந்தேன்.

“இதுதான் எங்கட பதிவு, மிஸ். கழட்டமுதல் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே,” என்றார் யோகேஸ்வரி.

3. கூட்டம்

தேன் எடுக்க ஒரு வாரமே இருந்தது. பின்னேரம் அந்த மரங்களில் தேனெடுக்கும் ஆறு வீட்டாரும் கூடினார்கள். நிரோஜா பழியை ஏற்க எழும்பினாள். அவளை இருத்திவிட்டு, வேலைத்தாளை எழுதியது நான், தவறும் என்னுடையது என்று சொன்னேன்.

“அப்ப இனித் தேனீயிட்டத்தான் கேக்கவேணும், ஆரின்ர மரமெண்டு,” என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. ஆற்றங்கரை மரம் ஒன்றை இரண்டு வீட்டார் தங்களுடையது என்றார்கள். குரல்கள் உயர்ந்தன.

யோகேஸ்வரி கையை உயர்த்தினார். “சிவப்பு எதெண்டு தெரியாமக் கத்தி வைக்க ஏலாது. இந்த வருசம் தேன் மரப் பக்கமே ஒருத்தரும் போறேல்ல. என்ர வீடும்தான்.”

முடிச்சுகளைத் திரும்பக் கட்ட உதவுகிறோம் என்றேன். அதைத் தாங்களே கூடிப் பேசிச் செய்வதாகவும், எங்கள் தகடுகளைக் கழற்றினால் போதும் என்றும் சொன்னார். மறுநாள் கழற்றினோம்.

இப்போது வகுப்பில் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: ஓரிடத்தில் ஒன்று இல்லை என்று எழுதுமுன், அங்கே இருப்பது என்னவென்று கேளுங்கள், கேட்கும்வரை எதையும் தொடாதீர்கள். என் தவறால் ஆறு வீடுகள் அந்தப் பருவத்தைத் தேனில்லாமல் கடந்தன. விதியை ஒருவரும் மீறவில்லை.