ஒரு சவாரிக்கு ஐந்து மிளகாய்

கடற்கரையில் நின்றுகொண்டு, இனிமேல் சிப்பிதான் காசு என்று அறிவித்த அறிவாளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த ஆள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் ஐம்பதை நெருங்கும் இப்போதும் என் யோசனைகள் அதே தரத்தில்தான் இருக்கின்றன என்று என் மனைவி சொல்வதால், அந்தச் சலுகையை நான் கேட்கவில்லை.

முழுப்பரீட்சை லீவுக்கு நயினார்கோவிலிலிருந்து தீவிலிருக்கும் அக்காள்மடத்து அத்தை வீட்டுக்குப் போனால் முதலில் வரவேற்பது காற்றுதான். "கச்சான்" என்று அங்கே சொல்லும் தென்மேற்குக் காற்று மணலை வாரிக் கெண்டைக்காலில் ஊசி ஊசியாகக் குத்தும்; வாயைத் திறந்தால் பல்லுக்கிடையில் நறநறக்கும். பெரியவர்கள் அதைத் திட்டிக்கொண்டே கதவைச் சாத்துவார்கள். பிள்ளைகள் நாங்கள் கடலோரத்து உப்பங்கழியான களப்புக்கு ஓடுவோம்.

களப்பில் நடப்பது "சாக்குச் சவாரி". உடைந்த வள்ளத்தின் பலகை ஒன்று, உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்து மூங்கிலில் கட்டிய பாய் ஒன்று, மொத்தக் கருவியும் அவ்வளவுதான். முழங்காலளவுத் தண்ணீரில் பலகைமேல் ஏறி நின்று சாக்கைத் தூக்கிப் பிடித்தால், காற்று ஆளைப் பலகையோடு இழுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் பறக்கும். களப்பு கடலோடு சேரும் இடத்தில் ஆழம். அதற்கு முன் சாக்கைக் கைவிட்டுத் தண்ணீரில் விழுந்துவிட வேண்டும். விழுகிற இடத்தில் "சொறி" என்கிற ஜெல்லிமீன் மிதந்தால் இரண்டு நாளைக்கு உடம்பெல்லாம் எரியும். இதைவிட மேலான இன்பம் உலகத்தில் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஏறியதில்லை.

பலகையும் சாக்கும் ரஹிமாவுடையவை. அவளுக்குப் பதினோரு வயது. வாப்பா சவுதியில் இருந்தார், கரையில் உடைந்து கிடந்தது அவர் வள்ளம். சவாரி வேண்டுமென்றால் அன்றைக்கு அவளுக்குத் தேவையான ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும். என்னிடம் இருந்ததோ மிளகாய்தான். அய்யா தோட்டத்து முண்டு மிளகாய் வருடாவருடம் ஒரு மூட்டை அத்தைக்குப் போகும். அத்தை பதிலுக்குக் கருவாடு அனுப்பும். அண்ணன் தங்கைக்குள் எது கூட, எது குறைய என்று யாரும் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கையில் நானும் கைநிறைய மிளகாயோடு போய் நின்றேன்.

"மொளகாய வச்சு நான் என்னலே பண்ண? சாக்கு கிழிஞ்சு கெடக்கு, ஊசி கொண்டா."

ஊசி தையல்காரர் மகனிடம் இருந்தது; அவனுக்குத் தூண்டில் முள் வேண்டும். முள் வைத்திருந்தவனுக்கு நுங்கு வேண்டும். நுங்கு வைத்திருந்த புண்ணியவான் ஒருவழியாக மிளகாய்க்குச் சம்மதிக்க, ஒவ்வொன்றாக மாற்றி, ஒன்றரை நாள் அலைந்து ஊசியோடு வந்தேன்.

"ஊசி நேத்தே கெடச்சுருச்சு. இப்ப நூலுதான் வேணும்."

அந்த ஆத்திரத்தில்தான் சிப்பித் திட்டம் பிறந்தது. பத்துச் சிப்பிக்கு ஒரு சவாரி. அந்தச் சிப்பியைக் கொடுத்து அவள் யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்ளலாம். ரஹிமா தலையாட்டினாள். மறுநாள் காலையில் பார்த்தால், நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் வாளி வாளியாகச் சிப்பியோடு வரிசையில் நிற்கிறார்கள். விலை ஐம்பதானது, நூறானது, மதியத்துக்குள் வாளிக் கணக்கானது. சாயங்காலம் ரஹிமா அத்தனையையும் என் காலடியில் கொட்டிவிட்டுப் போனாள். டீக்கடை வைத்திருந்த மாமா, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டினார்: "கடக்கரையில சிப்பியக் காசாக்குனவன் இவன்தான்யா. ஏலே, நாளைக்கு மணலு கணக்கா?"

ரஹிமாதான் தீர்வைக் கண்டுபிடித்தாள். "கடலு சும்மா கொடுக்காத சாமானா இருக்கணும். எல்லா வீட்டு உம்மாவும் வேணாம்னு சொல்லாததா இருக்கணும்." சொல்லிவிட்டு என் சட்டைப் பையைப் பார்த்தாள். ஒரு சவாரிக்கு ஐந்து மிளகாய் என்று முடிவானது. ஒரே ஒரு நிபந்தனை, காம்பு இருக்க வேண்டும். காம்பு போனால் விதை கொட்டிவிடும், பாதி மிளகாய்க்கு முழுச் சவாரியா என்றாள்.

ஒரே நாளில் நான் தீவின் பெரும் பணக்காரன். நுங்கு, கோலி, தூண்டில் முள் எல்லாமே மிளகாய்க்குக் கிடைத்தன. உடனே சவாரி போயிருக்க வேண்டாமா? பணக்காரனுக்கு அது எங்கே தோன்றும்? லீவின் கடைசி நாளில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை நான் மட்டுமே ஏறுவது, மற்றவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பது என்று பெருந்திட்டம் போட்டுக் காத்திருந்தேன்.

கடைசி நாள் காலையில் மூட்டையைத் திறந்தேன். மில்லில் அரைப்பதற்காக அத்தை முந்தின நாளே உட்கார்ந்து ஒரு மிளகாய் விடாமல் காம்பு கிள்ளி வைத்திருந்தது. என் மொத்தச் சொத்தும் ஒரே ராத்திரியில் செல்லாமல் போயிருந்தது. இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு களப்புக்கு ஓடினேன், அழுதும் பார்த்தேன்.

"காம்பு போனது செல்லாது," என்றாள் ரஹிமா. மதியம் பஸ் ஏறிவிட்டேன்.

போன வைகாசியில் அந்தப் பக்கம் போனேன். வள்ளப் பலகையும் இல்லை, உரச்சாக்குப் பாயும் இல்லை. மாமாவின் டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. ஆனால் கச்சான் அப்படியே இருந்தது. களப்புக்கு மேலே வானத்தில் வண்ண வண்ணமாகப் பெரிய பட்டங்கள். அவற்றின் கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு, பலகைமேல் நின்று பறந்துகொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள். எவளும் சாக்கைத் தைக்க ஊசி தேட வேண்டியதில்லை. கரையில் விசிலோடு நின்று அவர்களை அதட்டிக்கொண்டிருந்தது ரஹிமா. பயிற்சிப் பள்ளியே அவளுடையதுதான். வெளியூர்க்காரர்கள் பணம் கட்டுவதற்கு ஸ்கேன் அட்டை ஒன்று மூங்கிலில் ஆடிக்கொண்டிருந்தது.

நான் யாரென்று சொல்லி, ஊரிலிருந்து கொண்டுபோன பொட்டலத்தை நீட்டினேன். காம்போடு பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய ஐந்து முண்டு மிளகாய். பிரித்தாள். பரமக்குடியில் ஏறிய கூட்டம் என் பையை நசுக்கியதில் ஐந்தும் உடைந்து, காம்பு தனியாக, விதை தனியாகக் கிடந்தன. நாற்பது வருடம் காத்திருந்தவன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், அந்த அட்டையைப் பார்த்தபடி செல்போனை எடுத்தேன்.

ரஹிமா செல்போனைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"செல்லாது. ஹெல்மெட்டப் போடு."