முதல் வரியில் இருந்த ஓ நெகட்டிவ்

போன புதன்கிழமை மதியம் என் தங்கைக்குப் பிரசவம். குழந்தை பிறந்துவிட்டது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே ஓ நெகட்டிவ் யூனிட் ஏறிக்கொண்டிருந்தது. "அடுத்ததுக்கு உடனே ஆள் வேணும்" என்றார் டாக்டர்.

நான் பதறவில்லை. எங்கள் சர்ச் சபையின் ரத்ததானப் பட்டியலில் தேடும் புரோகிராமை எழுதியவனே நான்தானே...

அதுவும் இரண்டு வழிகளை ஓட்டிப் பார்த்து எழுதியது. ஒன்று, முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது. மற்றது, ரத்த வகைப்படி, ஏ-யில் தொடங்கி ஓ நெகட்டிவில் முடியும்படி அடுக்கிய பட்டியலை நடுவில் திறந்து, வேண்டாத பாதியைத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடி நடுவில் திறப்பது — அகராதியில் சொல் தேடுவோமே, அப்படி. பத்து லட்சம் போலிப் பெயர்களில் முதல் வழி பத்து லட்சம் முறைகூடப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாவதற்கு இருபதே முறை! எதை எடுத்திருப்பேன்? சபைப் பட்டியலில் இருப்பதோ நூற்றுப்பத்துப் பேர் என்பது வேறு விஷயம்.

வராந்தாவில் நின்று போனில் தட்டினேன். உடனே பதில்: 'இல்லை.'

மறுபடியும் 'இல்லை.' சபைச் செயலர் கிறிஸ்துதாஸ் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ஓ நெகட்டிவ் ஒருத்தர்கூட இல்லியே?"

"நில்லு மக்கா, பேப்பர எடுக்கேன்... மொத ஆளே ஓ நெகட்டிவ்லா. நம்ம ஐயரு."

எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்போம்.

"அவரு கடைசி வரியிலல்லா வரணும்? மேல எப்பிடி வந்தாரு?"

"நான்தான் கம்ப்யூட்டர்ல மாத்தி பிரிண்ட் எடுத்தேன். ஐயருக்க பேர எல்லாருக்கும் கீழ போட முடியுமாடே? ஒரு மரியாத வேண்டாமா?"

புரிந்தது. என் அதிவேகப் புரோகிராம் எடுத்த எடுப்பிலேயே மேல் பாதியைத் தள்ளிவிட்டது. அதில்தான் ஐயர் இருந்தார்.

அண்ணன்மேல் கோபமா? இல்லவே இல்லை. அடுக்கு குலையாது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பியது நான். அவர் பேப்பரை மேலிருந்து படித்தார், என் தங்கை பிழைத்தாள். சாப்பிட்ட கையோடு பைக்கில் வந்து கையை நீட்டினார் ஐயர்.

இப்போது புரோகிராம் ஒவ்வொரு வரியாகத்தான் தேடுகிறது. நூற்றுப்பத்துப் பேருக்கு அது போதாதா?

ஞாயிறு ஆராதனையில் வாசிக்க ஸ்தோத்திரச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். 'தாயும் சேயும் நலம். ரத்தம் தந்த எங்கள் ஐயருக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.' வாசித்தவரும் ஐயர்தான். முதல் வரியை வாசித்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்துவிட்டார்.

அதனால் இங்கே எழுதுகிறேன்: ஐயரே, நன்றி.