சுனையில் விடாத சேலை

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற இடத்துக்கும் பூ விற்கிற இடத்துக்கும் நடுவில் உட்கார்ந்து வாழையிலை விற்கிறவர் கிருஷ்ணசாமி. ஒரு பக்கம் மல்லி வாசம், மறு பக்கம் மீன் கழுவிய தண்ணீர். அந்தத் தண்ணீர் சில நாள் அவருடைய சாக்கின் ஓரம் வரைக்கும் ஓடி வந்துவிடும். துடைப்பத்தால் தள்ளிவிட்டு வியாபாரத்தைப் பார்ப்பாரே தவிர, ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. "பொழைக்கிற எடம் அப்படித்தான் நாறும்" என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் சாமி இருக்கிற மலையில் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அவர் மலைக்குப் போனதே சம்சாரம் அஞ்சலாட்சிக்காக. அந்த வருஷம் தை மாதத்தில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். கடவுள் புண்ணியத்தில் பிழைத்து வீடு வந்து சேர்ந்தாள். ஆனால் பயமும் அவளோடு பஸ் ஏறி வந்துவிட்டது. சோறு இறங்கவில்லை. கை எந்நேரமும் வயிற்றின் மேலேயே இருந்தது.

"உள்ள மறுபடியும் என்னமோ உருளுதுங்க" என்பாள்.

"டாக்டர்தான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரே, அஞ்சல?"

"அவருக்கா வயித்துல உருளுது?"



ஊரில் சாரம் என்கிற பகுதியில் ஒரு சாமியார் இருந்தார். வருஷம் ஒரு தடவை ஆள் சேர்த்து அகத்தியர் மலைக்கு யாத்திரை கூட்டிப் போகிறவர். அவரிடம் போய் நின்றார்கள். அவர் கண்ணை மூடித் திறந்து சொன்னார்: "நோவுல கெடந்தப்ப கட்டியிருந்த பொடவைய மலைச் சுனையில விடணும். நோவு அதோட போயிடும். அந்தச் சுனைத் தீர்த்தத்தக் கொண்டாந்து குடிக்கணும். ஆனா ஒண்ணு. சுனைக்கு முதுகக் காட்டி நின்னு, தலைக்கு மேல தூக்கிப் போடணும். போட்டுட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா போன நோவு பின்னாடியே வந்துடும்."

அன்றைக்குத்தான் அஞ்சலாட்சி வயிறாரச் சாப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் கட்டியிருந்த நீலச் சேலையை மடித்து மஞ்சள் பையில் வைத்தாள். ஒரு பாட்டிலைப் புளி போட்டுக் கழுவிக் காயவைத்துப் பக்கத்தில் சொருகினாள். "இது போவணும், அது வரணும்" என்றாள். அந்த இரண்டு பொருளைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிர் இருந்தது. கிருஷ்ணசாமிக்கும் அது தெரியும்.

யாத்திரைக்காரர்கள் சாப்பிட ஆகட்டும் என்று நல்ல தலைவாழை இலையாகப் பார்த்து ஒரு கட்டும் எடுத்துக்கொண்டார்.

வேனில் அவருக்குப் பக்கத்து சீட்டில் மார்செல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், ஊரில் 'சொல்தா', அதாவது சிப்பாய், என்றால்தான் தெரியும். வேதக்காரர். வீட்டு விசேஷத்துக்கெல்லாம் இலை கிருஷ்ணசாமியிடம்தான்.

"இன்னா முசியே, நீங்க அகத்தியர் மலைக்கு?"

"மாதா கோவிச்சுக்க மாட்டாங்கய்யா. டாக்டர் நடன்னு சொல்லிட்டான். பீச் ரோட்டுலயே நடந்து நடந்து கடலுக்கே என்னப் பாத்து அலுத்துப்போச்சு."

பாபநாசத்தில் குளித்து, அணையைப் படகில் கடந்து, காட்டுக்குள் நடக்க ஆரம்பித்தார்கள். வழிகாட்ட மல்லன் காணி என்று அந்த மலையிலேயே பிறந்த ஒருவர் முன்னால் போனார். அவருக்குப் பின்னால் சாமியார். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கிருஷ்ணசாமி இலைக் கட்டை அவிழ்த்தார். சாமியார் சிரித்தார்.

"காட்டுல வந்து யாருய்யா எல கழுவிப் போடுறது? பிளாஸ்டிக் தட்டு வாங்கியாந்திருக்கோம்ல? தின்னமா, வீசுனமான்னு இருக்கணும்."

அப்படியேதான் செய்தார்கள். தின்றார்கள், வீசினார்கள். ஊறுகாய்ப் பொட்டலம், பான்பராக், குழம்பு ஒட்டிய தட்டு எல்லாம் செடிக்கு அடியில் போய் விழுந்தது. கிருஷ்ணசாமி இலைக் கட்டை மறுபடியும் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் தங்கிய இடம் அதைவிட மோசம். இதற்கு முன்னால் வந்த கூட்டங்கள் விட்டுவிட்டுப் போனதெல்லாம் அங்கேயே இருந்தது. பாறை மறைவு ஒவ்வொன்றுக்கும் பின்னால் மனுஷக் கழிவு. நாமம் ஜெபித்துக்கொண்டே காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. ஒரு குரங்கு ஷாம்பு பொட்டலத்தைக் கடித்து, வாயில் நுரையோடு இவரைப் பார்த்தது. காலில் அட்டை ஏறி ரத்தம் குடித்தது. அதைப் பார்த்து அவர் அருவருக்கவில்லை. அது பசிக்குக் கடிக்கிறது, கடிக்கட்டும். இந்தக் கூட்டம் எதற்காக இப்படிச் செய்கிறது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

"ஏங்க முசியே, கோயிலுக்குள்ள இப்படிச் செய்வாங்களா?"

"கோயில்ல செருப்பு உடுற எடத்துலயே ஆள் போட்டு வெரட்டுவாங்க. இங்க யாரு வெரட்டுறது?"

மறுநாள் இன்னும் மேலே ஏறிச் சுனைக்குக் கொஞ்சம் கீழே தங்கினார்கள். அதற்கும் மறுநாள் விடிந்ததும் டீ குடித்துவிட்டு, உச்சிப் பாறைக்குக் கீழே இருக்கிற சுனைக்கு வந்து சேர்ந்தார்கள். சுனையைச் சுற்றிப் புதர். சாமியார் எல்லாரையும் புதருக்கு இந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கவைத்தார். அவரவர் கொண்டுவந்த துணியைத் தலைக்கு மேலே தூக்கி வீசினார்கள். பின்னால் தொப் தொப் என்று விழுந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு பாறைப் பக்கம் போனார்கள்.

கிருஷ்ணசாமி முறை வந்தது. அவருக்கு ஒரு யோசனை. துணியை விட்டபிறகு திரும்பக் கூடாது என்றால் தீர்த்தம் எப்படிப் பிடிப்பது? முதலில் பாட்டிலை நிரப்பிக்கொள்வோம், பிறகு சேலையை விடுவோம் என்று புதரை விலக்கிக்கொண்டு இறங்கினார்.

இறங்கிய கால் அப்படியே நின்றுவிட்டது.

தண்ணீரைக் காணோம். துணிதான் இருந்தது. சேலை, லுங்கி, உள்பாடி, ஜட்டி, குழந்தைக்குக் கட்டுகிற துணி, ரத்தம் காய்ந்த கட்டுத்துணி. வருஷக்கணக்கில் விழுந்து, ஒன்றின் மேல் ஒன்று ஊறி, பாசி பிடித்துக் கூழாகிக் கிடந்தது. நடுநடுவே தெரிந்த கொஞ்சம் தண்ணீர் புளித்த கஞ்சி நிறத்தில் இருந்தது. அதில் புழு நெளிந்தது. ஒரு தவளை வயிறு உப்பிச் செத்து, யாரோ ஒருத்தியின் முந்தானை மேல் மல்லாந்து கிடந்தது. மார்க்கெட்டிலேயே பிறந்து வளர்ந்த மூக்கு அந்த நாற்றத்தைத் தாங்கவில்லை. பொத்திக்கொண்டார்.

அதற்குக் கீழே கல் இடுக்கில் ஒரு குழாய் செருகியிருந்தது. அதில்தான் யாத்திரைக்காரர்களுடைய கேன் நிரம்பிக்கொண்டிருந்தது. காலையில் குடித்த டீ அவருக்கு ஞாபகம் வந்தது. குனிந்து வாந்தியெடுத்தார்.

சத்தம் கேட்டு மார்செல் வந்தார். பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். "மோந்தியே, கடவுளே! இந்தத் தண்ணியிலயா டீ போட்டானுங்க? நான் ரெண்டாவது டம்ளர் வேற கேட்டு வாங்கிக் குடிச்சேனேய்யா!"

சாமியார் புதருக்கு அந்தப் பக்கமிருந்தே கத்தினார். "திரும்பிப் பாக்காதன்னு சொன்னேனா இல்லையா?"

"நான் இன்னும் விடவே இல்லீங்களே சாமி."

"தீர்த்தத்துக்குத் தோஷம் கெடையாதுய்யா. போட்டுட்டு வா."

மல்லன் காணி ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். "நாங்களும் வருசா வருசம் கம்பு போட்டு இழுக்கத்தான் செய்தோம். மறுபடியும் வந்து போட்டுருதாங்க. கீழ எங்க பிள்ளைகளுக்கும் இதுதான் தண்ணி" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

கிருஷ்ணசாமி கையில் நீலச் சேலை. விட்டுவிட்டால் அஞ்சலாட்சி சாப்பிடுவாள், தூங்குவாள். விடாமல் எடுத்துப் போனால் நோவையே மடித்து எடுத்துப் போகிற மாதிரிதான் அவள் நினைப்பாள். கை ஒரு தடவை மேலே போனது. கீழே தவளை கிடந்தது. இதைப் போய் அதன் மேலா போடுவது? அவள் உடம்பில் கிடந்த துணியாயிற்றே. கை இறங்கிவிட்டது.

"போடலன்னா உன் பொண்டாட்டிக்கு நான் பொறுப்பில்ல" என்றது சாமியார் குரல்.

  கிருஷ்ணசாமி சேலையைப் பைக்குள் வைத்தார். பாட்டிலைக் காலியாகவே சொருகினார்.

உச்சிக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். மேலே மேகம் முகத்தில் மோதியது. அந்தக் காற்றுக்காகவாவது ஒருவன் இங்கே வரலாம். ஆனால் அகத்தியர் சிலையைச் சுற்றிக் கிழித்துப் போட்ட பால் கவர், தேன் பாட்டில், எறும்பு மொய்த்த பழத்தோல். பால் புளித்து வாடை அடித்தது. இத்தனை உயரத்துக்கு ஈ எப்படி ஏறி வந்ததோ, முனிவர் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒருவன் "இன்னும் ஒரு போட்டோடா" என்று செல்போனை நீட்டிக்கொண்டிருந்தான். கிருஷ்ணசாமி இலைக் கட்டிலிருந்து ஒரு இலையை உருவி, அந்தப் பிசுபிசுப்பின் மேல் விரித்து, கற்பூரம் ஏற்றினார். "சாமி, உன் கால்ல ஊத்த எங்கிட்ட நல்ல தண்ணி இல்ல. அவள மட்டும் பாத்துக்க" என்று கும்பிட்டார். வேறு வேண்டுதல் வாயில் வரவில்லை.

வீட்டு வாசலிலேயே அஞ்சலாட்சி பையை வாங்கிப் பிரித்தாள். நீலச் சேலை. காலிப் பாட்டில். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"போவ வேண்டியது வந்துடுச்சு, வர வேண்டியது வரல. ஏங்க, நான் செத்துப்போவட்டும்னு உட்டுட்டீங்களா?"

அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். கட்டுத்துணியைச் சொன்னார், புழுவைச் சொன்னார், முந்தானை மேல் கிடந்த தவளையைச் சொன்னார். வயிற்றின் மேல் இருந்த அவள் கை மெதுவாக வாய்க்குப் போய் மூடிக்கொண்டது.

"அந்தத் தண்ணியிலயா டீ குடிச்சீங்க?"

"ஆமா."

"சீ!" எழுந்து போய்க் கொல்லையில் துப்பிவிட்டு வந்தாள். "அதுலயா எம் பொடவையப் போடச் சொன்னான்? எவ எவ ஜட்டியோடவோ நான் கெடந்து ஊறணுமா? அத நான் வேற குடிக்கணுமா? மொதல்ல போயி வாயக் கொப்புளிச்சிட்டு வாங்க, அந்த வாயோட எங்கிட்ட பேசாதீங்க."

அவர் வாய் கொப்புளிக்கிற நேரத்துக்குள் அடுப்பில் வெந்நீர் வைத்து, சோடா உப்பு போட்டு, சேலையை வேகவைத்துவிட்டாள். காய்ந்ததும் நாலாக மடித்துத் தைத்து, வாசலில் மிதியடியாகப் போட்டாள். "நோவுதான? வர்றவங்க போறவங்க மிதிக்கட்டும்" என்றாள்.

வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு அடியோடு போய்விடவில்லை. ஆனால் தொடும்போதெல்லாம் அந்தத் தவளை ஞாபகம் வருகிறதாம். உடனே கையை எடுத்துவிடுகிறாள். சோறு மட்டும் நன்றாக இறங்குகிறது.

அடுத்த வருஷ யாத்திரைக்கு ஆள் சேர்க்கச் சாமியார் வந்தார். மழை பெய்து தெருவெல்லாம் சேறு. மிதியடியில் ஏறி நின்று, "இன்னாம்மா, ஒடம்பு தேவலாமா? எல்லாம் அகத்தியர் செயல்" என்றார்.

கிருஷ்ணசாமி தலையைக் குனிந்துகொண்டார். அஞ்சலாட்சிதான் பதில் சொன்னாள்.

"ஆமாங்க சாமி. கால நல்லாத் தேச்சுத் தொடச்சுக்குங்க."