எல்லை தாண்டிய இழுவை வண்டி

2002-இல் என் மனைவி பேச்சியம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை இல்லை. கம்பம்மெட்டு மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் என் வீடு. வாசலில் என் வண்டி. ராணுவத்தில் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்து, பின்னால் இரும்புக் கையும் சங்கிலியும் பூட்டி, மலையில் நின்றுபோகும் வண்டிகளை இழுத்துவரும் தொழில் செய்தேன்.

அடுத்த தை மாதம் அதன் கியர் பல் உடைந்தது. பழைய மாடல், சாமான் கிடைக்கவில்லை. வண்டி படுத்ததும் ஆள் வருவதும் நின்றது. என்னையா தேடி வந்தார்கள், வண்டியைத்தானே! பகலெல்லாம் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அதைத் திட்டுவேன். அது ஒன்றுதான் நான் வாய் திறந்து பேசியது. நான் செத்துக் கிடந்தாலும் நாற்றம் எடுத்தால்தான் தெரியும் என்று நினைத்து ஒருநாள் அழுதேன்.

வீரபாண்டிக் கோயிலுக்குப் போனேன். கௌமாரியம்மன் முன்னால் நின்று, "ஆத்தா, வண்டி ஓடணும். என் வாசல்ல ஒரு குரல் கேக்கணும். சித்திரையில அக்கினிச் சட்டி எடுக்கேன்" என்று வேண்டினேன்.

மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடையில், வேறொரு வண்டியின் பல் சக்கரம் கிடைத்தது. பட்டறையில் கொடுத்துக் கடைந்து பொருத்தினேன். வண்டி உறுமியது. ஆனால் கனமான எதையும் இழுத்துப் பார்க்கவில்லை.

சித்திரையில் காப்புக் கட்டினேன். காப்புக் கட்டியவன் நேர்த்தி முடியும்வரை ஆத்தாளின் எல்லையான மலை மெட்டைத் தாண்டக் கூடாது. எங்கள் பக்கத்தில் அது கண்டிப்பு. மறுநாள் சாயங்காலம் ஜீப் டிரைவர் செல்வம் ஒரு பைக்கில் தொற்றிக்கொண்டு வந்தான். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகிறவன்.

"அண்ணே, மெட்டுக்கு அங்கிட்டு ஜீப்பு சரிஞ்சு நிக்குது. பின்சக்கரம் அந்தரத்துல. பொம்பளைக அசைஞ்சாலே ஆடுது, எறங்க முடியல."

மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளா. கையில் மஞ்சள் காப்பு. ஒரு நிமிடம் நின்றேன். பிறகு என் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஜீப்புக்குள் பெண்கள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். சங்கிலியை மாட்டி, சின்ன கியரைப் போட்டேன். "ஆத்தா, எனக்கு எந்தத் தண்டனை வேணும்னாலும் குடு. இந்தப் பல்லு மட்டும் ஒடையக் கூடாது." சத்தமாகவே சொன்னேன். வண்டி முனகியது. சங்கிலி விறைத்தது. ஜீப் அங்குலம் அங்குலமாக ஏறி ரோட்டுக்கு வந்தது. அந்தப் பெண்கள் இறங்கி அழுத அழுகையை என்னால் நின்று பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. காப்போடு எல்லை தாண்டியவன் எந்த முகத்தோடு சட்டி எடுப்பது? திருவிழா அன்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன். ஊரே வீரபாண்டிக்குப் போய்விட்டது. அப்படி ஒரு தனிமையை என் மனைவி இறந்த அன்றுகூட நான் அனுபவிக்கவில்லை.

"அண்ணே! உள்ள இருக்கீகளா?"

வாசலில் ஜீப் பெண்கள், மஞ்சள் சேலையில். முன்னால் நின்ற முருகாயியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தேவிட்டாள்.

"நல்லா இருக்கே கூத்து! எங்க உசுரக் காப்பாத்தத்தான ஆத்தா ஒங்கள எல்லை தாண்ட வச்சா. அவளே அனுப்பிட்டு அவளே கோவிப்பாளாக்கும்? எந்திரிங்கண்ணே, சட்டி எடுப்போம். நாங்க கூட வாரோம்."

எடுத்தேன். நெருப்பு கையைச் சுடவில்லை. கண்ணீர்தான் சுட்டது.

இன்றைக்கு 2009. வண்டி இன்னும் ஓடுகிறது, அதே பல்லோடு. ஞாயிற்றுக்கிழமை ஜீப் வராது; அன்றைக்கு வீடு பழையபடி வெறிச்சென்றுதான் இருக்கும். மற்ற நாள்களில் விடியும்போது அந்த ஜீப் என் வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். "அண்ணே! உள்ள இருக்கீகளா?" என்று ஒரு குரல் கேட்கும்.

நான் வண்டியைத்தான் முதலில் கேட்டேன். அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு எது இல்லை என்று. தனியாக இருப்பவர்களே, கூச்சப்படாமல் அவளிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

"இருக்கேன் ஆத்தா" என்று நான் உள்ளிருந்து பதில் சொன்ன பிறகுதான் அந்த ஜீப் மலை ஏறுகிறது.