தேவி மிஸ்ஸின் எட்டாவது கேள்வி

தேவி மிஸ் போய்விட்டார். காலையில் வாட்ஸ்அப்பில் வந்தது. மாரடைப்பாம்... நாற்பத்தாறு வயது.

படித்துவிட்டு, வாசலில் நின்ற லோரியிலிருந்து மிளகாய் மூட்டைகளை இறக்கச் சொன்னேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை மாடியில் இருக்கிற சின்ன மியூசியத்தின் முகநூல் பக்கம், வெப்சைட் எல்லாம் அவர் பொறுப்பு. கிள்ளானில் என் மசாலா கடைக்கு முதலில் வந்தது, எங்கள் பழைய பெயர்ப்பலகையைக் கேட்டு.

"சுந்தரம் அண்ட் பிரதர்." சுந்தரம் என் அண்ணன். பிரதர் நான். கடையைப் பிரித்துப் பதினோரு வருஷம்... பேச்சு இல்லை. அவர் டெங்கில் என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டார்.

ஸ்டோரில் சும்மா கிடக்கிறது, கொண்டு போங்கள் என்றேன். பலகையின் படத்தை முகநூல் பக்கத்தில் போட்டார். நிறைய பேர் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

சில மாதம் கழித்து ஒரு ஃபைலோடு வந்தார். இந்தப் பக்கத்தால் ஜனங்களுக்கு என்ன ஆனது என்று ஸ்பான்சர் கேட்கிறாராம். காட்டினால்தான் பக்கம் தொடர்ந்து நடக்கும்.

"லைக் தானே மிஸ்? கடை குரூப்ல ஒரு மெசேஜ் போட்டா மத்தியானத்துக்குள்ள குவிஞ்சிரும்."

"அது உங்க மொளகாத்தூளுக்கு வர்ற கூட்டம் அங்கிள். என் ரிப்போர்ட்ல சேராது லா."

ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு அவரே எழுதிக்கொண்டார். எட்டாவது கேள்வி: 'இதைப் பார்த்த பிறகு, அதுவரை செய்யாத ஏதாவது ஒன்றைச் செய்தீர்களா?'

எதிரில் நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அதுதான் என் பிழைப்பு.

"செஞ்சேன் மிஸ். அண்ணனுக்குப் போன் பண்ணேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நெசமாவா அங்கிள்?"

"நெசமாத்தான்."

பொய். நான் பண்ணவில்லை.

அப்புறம் மீன் கறித்தூள் வாங்க வரும்போதெல்லாம் கேட்பார். "பெரிய அங்கிள் எப்படி இருக்காரு?" நல்லா இருக்காரு என்பேன். எனக்கு எப்படித் தெரியும்...

போன மாதம் அண்ணன் நம்பரைக் கேட்டார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்தால்தான் ரிப்போர்ட்டில் போடுவாராம். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. மாட்டிக்கொண்டேன், கோபம் போல என்று நினைத்தேன். நானும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

இன்று மூட்டை இறக்கி முடிந்ததும் டெங்கிலுக்குப் போன் பண்ணினேன். மூன்றாவது ரிங்கில் எடுத்தார்.

"அண்ணே... நான்தான்."

"ம்."

"அந்த மியூசியம் மிஸ்..."

"பாத்தேன். போட்டோ போட்டிருக்காங்க." அவரே தொடர்ந்தார். "போன மாசம் எனக்குப் போன் பண்ணுச்சு அந்தப் பிள்ளை. தம்பி உங்ககிட்ட பேசினாரான்னு கேட்டுச்சு."

"என்ன சொன்னீங்க?"

"பேசினான்னு சொன்னேன். அவ்ளோ ஆசையா கேக்குது... வேற என்னத்தச் சொல்றது."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"எடுக்குறது நாலு மணிக்காம், பங்சார் வீட்டுலேர்ந்து," என்றார். "கார் நிறுத்த எடம் கெடைக்காது. ரெண்டு காரு எதுக்கு? நீ ரயில்ல வந்து சென்ட்ரல் ஸ்டேஷன்ல நில்லு. வந்து ஏத்திக்கிறேன்."

ரிப்போர்ட் ஸ்பான்சருக்குப் போய்விட்டதா, தெரியாது. முகநூல் பக்கத்தில் பலகைப் படம் இன்னும் இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன்.

கடையைப் பூட்டிவிட்டேன். கிளம்புகிறேன்.

போன் பண்ணிட்டேன் மிஸ்... போயிட்டு வாங்க.